பக்கத்து மெஷினில் ஆள் மாட்டிக்கொண்டால்: பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் பட்டறை வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் அது. கோவையில் ஒரு சின்ன யூனிட். ஐந்து லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், மூலையில் ஒரு பவர் பிரஸ். எனக்கு அடுத்த டிரில்லிங் மெஷினில் நின்ற பையன், ஜாப் (துளை போடும் இரும்பு) சுடுகிறது என்று கையுறை போட்டிருந்தான். துளை போடும் பிட்டைச் சுற்றிக்கொண்டு வந்த இரும்புச் சுருளைத் தட்டிவிடக் கையை நீட்டினான். கையுறையின் நுனி சுருளில் சிக்கியது. அப்புறம் விரல், அப்புறம் மணிக்கட்டு வரைக்கும். அவன் கத்தவில்லை. ஸ்பேனர் கேட்கிற குரலில் "அண்ணா" என்று ஒரு முறை கூப்பிட்டான், அவ்வளவுதான்.

நான் பாய்ந்துபோய் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கோடி லேத்தில் நின்றிருந்த பெரியவர் வந்தார், எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனார், சுவரில் இருந்த மெயினை இறக்கினார், அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். "இழுக்காத, விடு" என்றார். நான் இழுத்ததில் பையனுக்கு எவ்வளவு கூடுதல் சேதம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஐடிஐ முடித்தோ, சொந்தக்காரர் சொல்லியோ புதிதாக லேத், பிரஸ், டிரில்லிங் பக்கம் வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அடிபடாமல் வேலை செய்வது எப்படி என்று ஃபோர்மேன் சொல்லித்தருவார். பக்கத்தில் நிற்பவருக்கு அடிபட்டால் என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை.

முதல் நாள், வேலை தொடங்கும் முன்

உங்கள் மெஷினை நிறுத்தத் தெரிந்தால் போதாது. இரண்டு பக்கமும் இருக்கும் மெஷின்களையும் நிறுத்தத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றின் ஸ்டார்ட்டர் எங்கே, சிவப்புப் பட்டன் எது, காளான் மாதிரி தலை பெருத்த எமர்ஜென்சி பட்டன் இருக்கிறதா, இருந்தால் அது வேலை செய்கிறதா என்று போட்டுப் பாருங்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் அது இருக்காது. இருந்தாலும் ஒயரைக் கழற்றி வைத்திருப்பார்கள், "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று. அப்புறம் மொத்தப் பட்டறைக்குமான மெயின் சுவிட்ச். அதற்கு முன்னால் அட்டைப்பெட்டி, சைக்கிள், ராடு கட்டு எதுவும் அடுக்கியிருக்கக் கூடாது. உங்கள் இடத்திலிருந்து மெயினுக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் போகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: கரண்ட் போய்த் திரும்ப வந்தால் எந்த மெஷின் தானாக ஓடத் தொடங்கும்? சரியான ஸ்டார்ட்டர் இருந்தால் தானாக ஓடாது. திருகு சுவிட்சில் நேரடியாக இணைத்திருந்தால் ஓடும். ஆள் மாட்டியிருக்கும்போது அது ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் காலாவதியான ஒரு ஆயின்மென்ட்டும் நாலு பிளாஸ்டரும்தான் இருக்கும். மெஷின் வேலைக்குத் தேவை வேறு: கட்டுக் கட்டாகக் காஸ் துணி, அகலமான பேண்டேஜ் நாலைந்து, முக்கோணத் துணி இரண்டு, ரப்பர் கையுறை, துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோல், சுத்தமான பிளாஸ்டிக் பை, ஒரு மார்க்கர் பேனா. எல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பவைதான்.

உடையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் ராடு ஒன்று லேத்தில் நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். வினாடிக்கு 10 சுற்று என்றால் அது வினாடிக்கு 80 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டும். உங்கள் முழுக்கைச் சட்டையின் கை அவ்வளவு நீளம்கூட இல்லை. "மாட்டினால் இழுத்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பே வேண்டாம். சுற்றுகிற மெஷினில் கையுறை, தொங்கும் ஐடி கார்டு, துப்பட்டா, அவிழ்ந்த சடை, மோதிரம் எதுவும் ஆகாது. மணிக்கட்டில் கட்டும் கோயில் கயிறும் அப்படித்தான். அதைக் கழற்றச் சொன்னால் மனசு சங்கடப்படுவார்கள். கழுத்தில் கட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். லேத் ஓட்டும்போது அந்தக் கயிறும் வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனியாக மெஷின் ஓட்டாதீர்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இரவு நேரத்தில் தனியாக வேலை செய்த மாணவி ஒருவரின் தலைமுடி லேத்தில் சிக்கியது. மெயினை அணைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. பிறகு வந்த மாணவர்கள்தான் அவர் இறந்துகிடந்ததைப் பார்த்தார்கள். அங்கே வசதிக்கோ படிப்புக்கோ குறைவில்லை. நைட் ஷிஃப்டில் ஒரே ஆளை விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை கிடைத்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

மாட்டிவிட்டால்: கை முதலில் சுவிட்சுக்கு

சத்தம் கேட்டதும் ஆளைத் தொடத் தோன்றும். தொடாதீர்கள். சிவப்புப் பட்டன் கைக்கு எட்டினால் அது, இல்லையென்றால் மெயின். கரண்ட் அடித்திருந்தால் இது இன்னும் கட்டாயம். பட்டறை மெஷின்களில் இருப்பது 415 வோல்ட் மூன்று ஃபேஸ், தொட்டால் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள்.

மெயினை இறக்கினால் விளக்கும் அணையும். அதனால்தான் கையில் செல்போன் டார்ச் உள்ள ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

நிறுத்தியதும் மெஷின் நின்றுவிடாது. லேத்தில் கால் பிரேக் இருந்தால் மிதியுங்கள். பவர் பிரஸ் இன்னும் மோசம். மோட்டார் அணைந்தாலும் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பதற்றத்தில் யாராவது பெடலை மிதித்தால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இன்னொரு முறை இறங்கும். எனவே பிரஸ் விபத்தில் ஒருவருடைய வேலை பெடலைக் காப்பது மட்டும்தான். யாரையும் கிட்டே விடக்கூடாது. ஏர், ஹைட்ராலிக் மெஷின் என்றால் வால்வை மூடி, தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றத் தெரிந்தவர் மட்டும் அதைச் செய்யட்டும். ஏரைத் திறந்துவிட்டால் சில மெஷின்களில் மேலே நிற்கும் பாகம் கீழே இறங்கும்.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கப்பா" என்றால் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைப் பார்ப்பார்கள். விரலை நீட்டிப் பெயர் சொல்லுங்கள். "முருகா, நீ 108 போடு. போட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லு." "செல்வி அக்கா, நீங்க பெட்டியை எடுத்துட்டு வாங்க." "நீ கேட்டுக்குப் போய் நில்லு, வண்டி வந்தா உள்ள கூட்டிட்டு வா." தொழிற்பேட்டை சந்துகளில் எல்லா ஷெட்டும் ஒரே மாதிரி இருக்கும். கேட்டில் ஆள் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும்.

போனில் கதை வேண்டாம். எங்கே, என்ன மெஷின், ஆள் நினைவோடு இருக்கிறாரா, இன்னும் மாட்டியிருக்கிறாரா, ரத்தம் எப்படிப் போகிறது. இவ்வளவு போதும். ஆள் இன்னும் மாட்டியிருந்தால் தீயணைப்பு மீட்புத் துறைக்கும் 101-இல் சொல்லுங்கள், அவர்களிடம் வெட்டும் கருவிகள் உண்டு. எந்த எண்ணும் நினைவுக்கு வராவிட்டால் 112.

வீடியோ எடுப்பவரிடம் சண்டை போட நேரமில்லை. "அந்த டார்ச்சை இங்க அடி" என்று அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

விடுவிப்பது

ரிவர்ஸ் போட்டு எடுத்துவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மோட்டாரை மறுபடி ஓடவிட்டு எந்தக் கையையும் எடுக்கக்கூடாது. திரும்ப ஒருமுறை அதே நசுங்கல்தான் நடக்கும். துணி, முடி, கையுறை மாட்டியிருந்தால் வெட்டுங்கள். டிரில்லிங் மெஷினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை (பிட்டைச் சுற்றும் தண்டு) கையால் மெல்லத் திருப்பலாம். பிட் சதைக்குள் இறங்கியிருந்தால் பிட்டைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள். மெஷினிலிருந்து பிட்டைக் கழற்றுங்கள், அது ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். குத்தி நிற்கும் இரும்பு உள்ளே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். எடுத்ததும் பீறிடும்.

கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி இரண்டு ரோலருக்கு நடுவே கை போயிருந்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி ரோலர்களை விலக்க வேண்டும். பிரஸ்ஸில் ராமின் கீழே கை இருந்தால், அந்த மெஷினைப் பிரித்துப் பழகிய ஃபிட்டர் ஃபிளைவீலைக் கையால் சுற்றி மேலே ஏற்றலாம். அந்த ஆள் இல்லையென்றால் தீயணைப்புத் துறைக்காகக் காத்திருங்கள்.

எடுப்பதற்கு முன் ஒன்று கவனியுங்கள். மாட்டியிருக்கும்வரை மெஷினே காயத்தை அழுத்திக்கொண்டிருக்கும். விலக்கிய நொடியில் ரத்தம் வரும். எனவே காஸ் துணியும் பேண்டேஜும் கையில் தயாரான பிறகே விடுவியுங்கள். ஆளை உட்காரவோ படுக்கவோ வசதியாகத் தாங்கிக்கொள்ள ஒருவர் பின்னால் நிற்கட்டும். மயங்கிச் சரிந்தால் மாட்டிய கை அவர் எடையையும் சேர்த்துத் தாங்கும்.

ரத்தத்தை நிறுத்துவது

பெரிய ஆள் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். பெரிய தமனி அறுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போகும், 108 அதற்குள் வராது. எனவே இந்த வேலை உங்களுடையதுதான்.

கையுறை போடுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். கையெட்டும் தூரத்தில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை (மெஷின் துடைக்கும் கழிவுத் துணி) எடுத்து அமுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஆயிலும் இரும்புத் தூளும் இருக்கும். வேறு ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் சட்டையைக் கழற்றி அமுக்குங்கள், அது மேல். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியம் சமையலறைக் கீறலுக்கு. இங்கே டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகே வேலையைத் தொடங்க முடியும்.

கையோ காலோ துண்டாகியிருந்தால், அல்லது அழுத்தியும் பீறிட்டால், இறுக்கிக் கட்ட வேண்டும். காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டின் மேல் இல்லாமல், இரண்டு அங்குல அகலமாக மடித்த துணியைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முடிச்சின் மேல் ஒரு ஸ்பேனரை வைத்து இன்னொரு முடிச்சு. ஸ்பேனரைத் திருகுங்கள். ரத்தம் நிற்கும்வரை திருகிவிட்டு, அது அவிழாமல் கட்டிவையுங்கள். ஆளுக்குப் பயங்கரமாக வலிக்கும், தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவார். தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ மார்க்கரால் எழுதுங்கள். ஒயர், கயிறு, கேபிள் டை வேண்டாம், சதையை அறுக்கும். விரல் மட்டும் போயிருந்தால் இப்படிக் கட்டத் தேவையில்லை. அழுத்தினாலே பெரும்பாலும் நிற்கும். விரலில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு மறந்துபோவது ஒரு தனி ஆபத்து.

தண்ணீர், சோடா, டீ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். மனசு கேட்காமல் யாராவது டம்ளரோடு வருவார்கள், உதட்டை மட்டும் நனைக்கச் சொல்லுங்கள். அடிபட்ட கையிலிருக்கும் மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். மூச்சே இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்குங்கள். கரண்ட் அடித்து விழுந்தவருக்கு இது முக்கியம்.

துண்டான பாகம்

பெரும்பாலானோர் தப்பாகச் செய்வது இதைத்தான், அதுவும் நல்ல மனசோடு. விரலை நேராக ஐஸில் போட்டு எடுத்துப் போவார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துப்போகும். தண்ணீரில் போட்டால் ஊறிப்போகும். ஸ்பிரிட், டெட்டால் எதுவும் கூடாது.

செய்யவேண்டியது: மண், இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். ஈரமான காஸ் துணியைப் பிழிந்து அதில் சுற்றுங்கள். சுற்றியதைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். டிபன் கேரியர் போதும். ஐஸுக்குப் பக்கத்து ஜூஸ் கடை, மீன் கடை. பையின் மேல் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். இத்தனைக்கும் ஐந்து நிமிஷம் ஆகாது. ஐஸ் கிடைக்கவில்லை என்று ஆளைக் காக்கவைக்காதீர்கள். அவர் முதலில் போகட்டும், பை பின்னால் பைக்கில் வரட்டும்.

நசுங்கி உருத்தெரியாமல் இருந்தாலும் எல்லாத் துண்டையும் எடுங்கள். அப்படியே ஒட்ட முடியாவிட்டாலும் அதிலுள்ள தோல் வேறு இடத்துக்குப் பயன்படலாம், அதை டாக்டர் சொல்லட்டும். கையுறைக்குள்ளும் பிரஸ்ஸின் டைக்கு (அச்சு) அடியிலும் தேடுங்கள். தோல் இழையில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடாதீர்கள்.

விரலுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. குளிரில் சரியாக வைத்தால் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே போனால் தசை இருப்பதால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும் என்று பார்ப்பார்கள். 1963 ஜனவரியில் சீனாவின் ஷாங்காயில் ஒரு தொழிலாளியின் வலது கை மெஷினில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முழுதாகத் துண்டானது. சென் சோங்வெய் என்ற மருத்துவரின் குழு அதைத் திரும்ப ஒட்டியது. 1965-இல் ஜப்பானின் நாராவில் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப்பின் உதவியோடு ஒட்டினார்கள். இன்று கோவையிலும் சென்னையிலும் இந்த ஆபரேஷன் வழக்கமாக நடக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறையும் இதற்குப் பெயர்போனவை. "சேர்த்துடுவாங்க, கவலைப்படாத" என்று மட்டும் அடிபட்டவரிடம் சொல்லாதீர்கள். சேராமல் போனால் அந்த வாக்கு உங்கள் தலையில்தான் நிற்கும். "பத்திரமா எடுத்து வெச்சிருக்கோம்" என்று சொன்னால் போதும்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகும் காயங்கள்

ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளையாகக் கசியும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அன்றே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போய்விடலாம். கிரைண்டிங் வீல் துகள் கண்ணில் பட்டால் தேய்க்கவோ, "எடுத்துவிடுகிறேன்" என்று பஞ்சோடு வரும் நண்பரை நம்பவோ வேண்டாம். கண்ணின் மேல் படாமல் ஒரு பேப்பர் கப்பை வைத்து ஒட்டி அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரியில்

கூடப் போகிறவர் அடிபட்டவரின் ஆதார், ESI (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை, வீட்டு எண் மூன்றையும் கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மைக்ரோ சர்ஜரி டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, அப்புறம் வேறு இடத்துக்கு எழுதிக்கொடுப்பதுதான் அதிகம் நேரத்தைத் தின்னும்.

போலீஸ் கேஸ் என்று தயங்கும் ஆஸ்பத்திரியிடம், 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை நினைவூட்டலாம். அரசோ தனியாரோ, முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை, சட்டச் சம்பிரதாயம் அப்புறம். சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. பட்டறை விபத்துக்கு அந்தப் பிரிவு வராது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லும் உடன் வேலையாளுக்கு அதனால் பெரிய சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை.

நடந்ததை நடந்தபடி என்பதில்தான் சிக்கல். சில முதலாளிகள் காதோடு சொல்வார்கள்: "பைக்ல விழுந்தான்னு சொல்லிடு." டியூட்டி டாக்டர் கேட்டு எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்தான், நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்பார்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் பைக் என்று எழுதிவிட்டால் அந்தக் கைக்கான வேலைவிபத்து நஷ்டஈடு ஏறக்குறையப் போனது மாதிரிதான். மெஷினின் பெயர், நேரம், இடம் மூன்றையும் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தால், "எனக்கு மெஷின்னுதான் தெரியும் சார்" என்று ஒரே வரியில் நின்றுகொள்ளுங்கள். நான் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் யூனிட்டில் ESI கட்டியிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் வேலைவிபத்துப் பலன் உண்டு, இவ்வளவு நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம். ESI இல்லாத இடத்தில் முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும். 1923-இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம், சுண்டுவிரலுக்கு 7 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறன் இழப்பைக் கணக்கிட்டது. வெர்னியர் அளவுகோல் பிடிக்கிறவனுக்குச் சுண்டுவிரல் எவ்வளவு என்று அந்த அட்டவணை போட்டவரிடம் கேட்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

மெஷினைக் கழுவி உடனே ஓட்டச் சொல்வார்கள். அது நின்ற நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி (கார்டு) கழற்றியிருந்ததா, இருந்ததா என்று தெரிய வேண்டும். சிந்திய ரத்தத்தைக் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலில் துடையுங்கள். உங்கள் கையில் ஏற்கெனவே கீறல் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஏதோ ஆகும். எனக்கு இரண்டு வாரம் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டாலே தோள்பட்டை இறுகியது. வீட்டில் அம்மா தேங்காய் துருவும்போது எழுந்து வெளியே போய்விட்டேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வராவிட்டால் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால், மெயினை இறக்கியவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்தப் பெட்டி. பயன்படுத்திய காஸ் துணியும் பேண்டேஜும் அன்று சாயங்காலமே திரும்ப வாங்கி வைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் மறுநாள் காலை நான் திறந்து பார்த்தபோது அதில் காலி அட்டையும் ஒரு ஜோடி ஈரக் கையுறையும்தான் கிடந்தன. பில்லை முதலாளியின் மேஜையில் வைத்தேன், காசு கொடுத்தார்.